சின்னத் துண்டுதானே?



வெல்டிங் வேலையைப் பற்றி எழுத ஒரு தாதிக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் அந்தத் தொழிலில் இருக்கும் பொடியன்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிரான்காச்சோ கைத்தொழில் பேட்டையின் பட்டறைகளுக்குக் காலையில் போய், இரும்புத்தூள் படிந்த சட்டையோடு மாலையில் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். வீட்டில் தாதி இருந்தால் இரவில் தொலைபேசி வரும். "அக்கா, கண்ணுக்குள்ளே மணல் கொட்டின மாதிரி இருக்குது" என்பார்கள். முகமூடி போடாமல் ஒரு நிமிடம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். புறஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டிருக்கும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் நோ தொடங்கும்.

கண்ணைப் பற்றிப் பிறகு ஒருமுறை எழுதுகிறேன். இரும்புக்கும் இதே குணம் உண்டு என்று சென்ற மாரிகாலத்தில் அறிந்துகொண்டேன். வெல்டிங் செய்த உடனே நன்றாகத் தெரிந்த இடம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வெடிக்கலாம். பத்து வருடம் கழித்தும் வெடிக்கலாம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் சின்னம்மாவின் மகன் ஒரு பட்டறையில் மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலை செய்கிறான். வயது 23. அங்கே ஒருநாள் லொறியில் ஒரு பழைய அழுத்தக் கலன் வந்து இறங்கியது. தீவின் மறுகரையில் மூடிவிட்ட ஓர் ஆலையிலிருந்து யாரோ மலிவாக வாங்கியது. சுவரின் தடிப்பு நாலு சென்ரிமீற்றர். இனி அதில் நீராவி பிடித்து வைக்கப் போகிறார்கள். தூக்கி நிறுத்த மேலே இரண்டு இரும்புக் காதும், பக்கத்தில் ஏணிக்கு ஒரு பிடியும் வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார்கள். "சின்னத் துண்டுகள்தானே, அரை நாள் வேலை" என்று சொந்தக்காரர் சொன்னாராம். பட்டறைத் தலைவர் நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் சிசிலிக்காரர். தம்பியாட்கள் அவரை 'மாஸ்த்ரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் காதுகளை வெட்டி எடுத்து வைத்துவிட்டார்.

அப்போது தம்பி, "மாஸ்த்ரோ, தகட்டை வாசித்தோமா?" என்று கேட்டிருக்கிறான். மற்ற இருவரும் சிரித்தார்கள். மாஸ்த்ரோ சிரிக்கவில்லை. கம்பித் தூரிகையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பல தடவை பூசிய பெயின்ற்றைச் சுரண்டிப் பார்த்தபோது கலனின் பெயர்த்தகடு தெரிந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முத்திரை இருந்தது. அதற்குக் கீழே எச், ரி என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. கலனைச் செய்து முடித்தபின் முழுவதையும் சூளையில் வைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த எழுத்துகள்தான் அடையாளம். அன்று வேலை நின்றது.

ஏன் நின்றது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கியவர், மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்து எங்கள் சபையில் சில கிழமைகள் ஆராதனைக்கு வந்திருந்த ஓர் ஐயா. திருவெறும்பூரில் உள்ள பெல் கொதிகலன் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய இடமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் தம்பி இந்தக் கதையைச் சொல்ல, ஐயா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லன் பட்டறையைப் பாத்திருக்கியா அம்மா?" என்று என்னைக் கேட்டார். பார்த்திருக்கிறேன். அம்மம்மாவின் ஊரில் சிறுவயதில் பார்த்தது. கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். அது கடினமாகும். ஆனால் அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் கண்ணாடி போல உடையும். ஆகவே மறுபடியும் மெல்லச் சூடாக்கி, நிறம் பார்த்து எடுப்பார்கள். அதுதான் பதம்.

வெல்டிங்கிலும் இதே கதைதான். குச்சியின் நுனியில் உருக்கு 1,500 பாகை செல்சியஸ் அளவில் உருகுகிறது. உருகிய கோட்டுக்குப் பக்கத்தில் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு இருக்கும் உருக்கு உருகுவதில்லை. ஆனால் 725 பாகைக்கு மேலே சூடேறி, உள்ளமைப்பு மாறிவிடுகிறது. அதைச் சுற்றி நாலு சென்ரிமீற்றர் தடிப்பில் குளிர்ந்த இரும்பு நிற்கிறது. அந்தக் குளிர்ந்த இரும்பு சூட்டை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். கொல்லன் தண்ணீரில் தோய்ப்பதுபோலவே அந்த ஒடுங்கிய பட்டை கடினமாகி, உடையும் தன்மையைப் பெறுகிறது. அதோடு, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு விடாது. ஆகவே உள்ளே ஒரு இழுவிசை நிரந்தரமாகத் தங்கிவிடும். வெளியில் ஒரு சுமையும் இல்லாமலே அந்த இடம், இரும்பு மீளாமல் நீளத் தொடங்கும் எல்லைக்குக் கிட்ட இழுபட்டுக்கொண்டு நிற்கும்.

இதைத் தீர்க்கத்தான் சூளை. கலன் முழுவதையும் ஏறக்குறைய 600 பாகைக்கு மெல்ல ஏற்றி, ஒவ்வொரு 25 மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் பிடித்து வைத்து, மெல்ல ஆறவிடுவார்கள். கடினமான பட்டை பதமாகும். உள்ளே இருந்த இழுவிசை தளரும். "அதுக்கப்புறம் அந்தக் கலன்ல ஒரு பொட்டு வெல்டிங் வெச்சாலும், அந்த இடத்துல சூளையில வாங்கின பதம் போயிரும் தம்பி. அதனாலதான் காது, பிடி எல்லாத்தையும் சூளைக்கு முன்னாடியே வெச்சிருவோம்" என்றார் ஐயா. சில ஆலைகளில் இப்படிப்பட்ட கலன்களின்மேல் 'இங்கே வெல்டிங் செய்யாதே' என்று பெரிதாக எழுதியே வைப்பார்களாம்.

கண்ணைப் போலத் தாமதமாக வரும் கேடு என்று சொன்னேனே, அதற்கும் காரணம் சொன்னார். குச்சியின் பூச்சிலோ இரும்பிலோ ஈரமோ எண்ணெயோ இருந்தால், அதிலுள்ள ஐதரசன் உருகிய உலோகத்துக்குள் போய்விடும். பிறகு மெல்ல நகர்ந்து அந்தக் கடினமான பட்டையில் சேரும். இழுவிசையும் சேர்ந்தால் அங்கே வெடிப்பு விழும். அதனால்தான் நல்ல பட்டறைகளில் குச்சிகளை அடுப்பில் உலர்த்திச் சூடாகவே வைத்திருப்பார்கள். இரும்பையும் முன்னதாகச் சூடாக்குவார்கள். வேலை முடிந்து 48 மணி நேரம் பொறுத்துத்தான் பரிசோதிப்பார்கள். பழைய கலன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கால உருக்கில் கரி கூடுதலாக இருக்கலாம். கரி கூடினால் கடினமாவதும் கூடும். பல வருடம் உள்ளே இருந்த பொருளிலிருந்தும் சுவர் ஐதரசனைக் குடித்திருக்கலாம்.

இது ஏட்டில் மட்டும் உள்ள பயமா என்று தம்பி கேட்டான். ஐயா ரோமியோவில் விபத்தைச் சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே ரோமியோவில் என்ற ஊரில் யூனியன் ஒயில் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களிலிருந்து ஐதரசன் சல்பைட்டை நீக்கும் ஒரு கலன் அங்கே 1970 முதல் வேலை செய்துகொண்டிருந்தது. உயரம் 18.8 மீற்றர், விட்டம் 2.6 மீற்றர், சுவர் 25 மில்லிமீற்றர். எங்கள் தம்பியின் பட்டறைக்கு வந்த கலனைப் போல அது சூளையில் பதப்படுத்திய கலன் அல்ல. 1974இல் அதன் சுவரில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்துப் புதிய வளையத்தை நின்ற இடத்திலேயே வெல்டிங் செய்து பொருத்தினார்கள். அதன்பிறகும் வெப்பப் பதம் கொடுக்கவில்லை. அந்தத் தடிப்புக்கு அது கட்டாயம் என்று அன்றைய விதி சொல்லவில்லை. புதிய வெல்டிங்கின் ஓரத்தில் கடினமான பட்டை அப்படியே நின்றது. உள்ளே ஓடிய பொருளிலிருந்து ஐதரசன் அந்தப் பட்டைக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.

1984 யூலை 23 மாலை, ஒரு ஊழியர் கலனில் 15 சென்ரிமீற்றர் நீள வெடிப்பிலிருந்து வாயு கசிவதைக் கண்டார். வால்வைப் பூட்ட முயன்றார். அதற்குள் வெடிப்பு 60 சென்ரிமீற்றராக நீண்டது. ஆலையின் தீயணைப்புப் பிரிவினர் வந்து சேரும் நேரத்தில் கலன் பிளந்து தீப்பற்றியது. 14 மீற்றர் நீளமும் 20 தொன் எடையும் கொண்ட மேல்பாகம் ஒரு கிலோமீற்றர் தூரம் பறந்துபோய் ஒரு மின்கோபுரத்தைச் சாய்த்தது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தீயை அணைக்க ஓடி வந்தவர்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அந்தப் பழுதுபார்த்த வெல்டிங்கின் ஓரத்தில் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெடிப்பு ஏற்கெனவே இருந்தது தெரிந்தது. சில இடங்களில் சுவரின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெடிப்பு போயிருந்தது. பத்து வருடம் அது யாருக்கும் தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

நீராவியும் அழுத்தமும் எனக்குப் புதியவை அல்ல. வைத்தியசாலையில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவும் ஒரு அழுத்தக் கலன்தான். 134 பாகைக்கு வேலை செய்யும்போது உள்ளே வெளிக்காற்றைவிட 2 பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும். இரண்டு பார் என்றால் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 2 கிலோ. 60 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள கதவென்றால் 3,600 சதுர சென்ரிமீற்றர். அந்தக் கதவின்மேல் 7 தொன்னுக்கு மேற்பட்ட சுமை. தம்பி கண்ட கலனில் இதைவிடப் பல மடங்கு அழுத்தம் நிற்கப் போகிறது.

'அப்படியென்றால் காதை வெல்டிங் செய்துவிட்டு அந்த இடத்தை மட்டும் சூடாக்கினால் போதாதா?' என்று நினைப்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கினால் அது விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு தடுக்கும், ஆறும்போது புதிய இழுவிசை உண்டாகும். ஆகவே கலனைச் சுற்றி ஒரு முழுப் பட்டையாக மின்சூட்டுப் பாய்களைக் கட்டி, பஞ்சு போர்த்தி, வெப்பத்தை அளந்து அளந்து ஏற்றி இறக்க வேண்டும். இன்னொரு முறையும் உண்டு. வெல்டிங் வரிசைகளை அளவாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டாவது வரிசையின் சூட்டினால் முதல் வரிசை கெடுத்த இடத்தைப் பதமாக்குவது. அதற்கும் முன்னதாக மாதிரித் துண்டில் செய்து, சோதித்து, எழுதி ஒப்புக்கொண்ட செய்முறை வேண்டும். உருக்கு ஆலையிலேயே தோய்த்துப் பதமாக்கிய வகை என்றால், சூடு அளவுக்கு மிஞ்சினாலே அதன் பலம் குறைந்துவிடும். ஆகவே முதலில் அது என்ன உருக்கு என்று தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் நல்ல வழி, சுவரைத் தொடாமல் விடுவதுதான்.

அந்தப் பட்டறையில் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. பொறியியலாளர் ஒருவர் வந்தார். மீயொலிக் கருவியால் சுவரின் தடிப்பை அளந்தார். காகிதங்களைக் கேட்டார். பழைய ஆலையிலிருந்து அவை வர பதினொரு நாள் சென்றது. காதுகளை வெல்டிங் செய்யவில்லை. கலனைச் சுற்றி அகலமான இரும்புப் பட்டிகளைப் போட்டு ஆணி பூட்டி இறுக்கி, அந்தப் பட்டிகளில் கொக்கியைக் கொழுவித் தூக்கினார்கள். ஏணியைத் தரையில் தனியாக ஒரு சட்டத்தில் நிறுத்தினார்கள். சொந்தக்காரர் பதினொரு நாளும் முணுமுணுத்தாராம்.

அந்த நாட்களில்தான் தம்பி என்னிடம் வந்து கேட்டான். "அக்கா, நான் வாயைத் திறந்தது பிழையோ? மாதக் கடைசியிலே ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்காமல் விட்டால் வீட்டு வாடகைக்கு என்ன செய்யிறது?"

நான் அவனுக்கு என் வேலையிலிருந்து ஒன்றைச் சொன்னேன். சிறுநீரகம் செயலிழந்து டயலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ஒரு சத்திரசிகிச்சை செய்து நாடியையும் நாளத்தையும் இணைத்திருப்பார்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. இணைப்பு அடைபட்டால் அவருடைய உயிர்வழியே அடைபட்டதுபோல. வார்டில் கட்டிலின் மேல் அதை எழுதி வைப்போம். ஆனால் அவசரப் பிரிவுக்கு நீளக்கைச் சட்டையோடு வரும் எங்கள் ஊர் முதியவருக்குக் கட்டில் எழுத்து இல்லை. இத்தாலிய மொழியும் வராது. "ஐயா, எந்தக் கையிலே ஒப்பரேசன் செய்தது?" என்று தமிழில் கேட்டுவிட்டுத்தான் பட்டியைச் சுற்ற வேண்டும். கேட்க அரை நிமிடம் போதும். அந்தக் கேள்விக்காக எந்த நோயாளியும் என்னைக் கோபித்ததில்லை. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கோபித்திருக்கிறார்கள்.

தம்பி செய்ததும் அதுதான். கலனுக்கு வாய் இல்லை. அதன் பழைய கதை தகட்டில் இரண்டு எழுத்தாக, பெயின்ற்றுக்குக் கீழே இருந்தது. அவன் கேட்காமல் இருந்திருந்தால் அன்று மாலையே காதுகள் ஏறியிருக்கும், எல்லாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பிறகு அந்தக் கலனுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவன் யார்? முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி. எங்களைப் போலவே தூரத்து ஊரிலிருந்து வந்த ஒருவனாகவும் இருக்கலாம்.

தம்பி தங்கைமாரே, எங்கள் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்து, தலை குனிந்து, சொன்ன வேலையைச் செய்து எங்களை வளர்த்தார்கள். "வேலை இடத்திலே ஒன்றும் கதைக்காதே" என்று அவர்கள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆனால் உங்களுக்கு மொழி தெரியும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இத்தாலியில் பாவனையில் உள்ள அழுத்தக் கருவிகளுக்கென 2004ஆம் ஆண்டின் 329ஆம் இலக்க அமைச்சு ஆணை இருக்கிறது. பழுதுபார்ப்பதும் மாற்றம் செய்வதும் அதற்குள் அடங்கும். நினைத்தபடி வெல்டிங் செய்ய முடியாது. 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பாரதூரமான உடனடி ஆபத்திலிருந்து விலகும் தொழிலாளிக்கு அதற்காக எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்கிறது. தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு பழைய கலனின் முன் குச்சியோடு நிற்கும்போது இவற்றைக் கேளுங்கள். தகடு எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது? உள்ளே முன்பு என்ன இருந்தது, கழுவி வாயு போக்கியாகிவிட்டதா? உருக்கு எந்த வகை? வெப்பப் பதம் கொடுத்ததா? சுவரின் தடிப்பை அளந்தது எப்போது? எழுதிய செய்முறை யாரிடம் இருக்கிறது? வெல்டிங் இல்லாமல் பட்டி போட்டோ தனிச் சட்டம் வைத்தோ செய்ய முடியாதா? பட்டறையில் நிற்கும் சாதாரணக் காற்றுக் கொம்பிரசரின் தாங்கிக்கும் இது பொருந்தும். ஒரு சக்கரமோ பிடியோ ஒட்டுவோம் என்று அதில் கை வைக்காதீர்கள்.

தம்பியின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அடுத்த முறை என்ன ஆகுமோ என்ற பயம் அவனுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் இப்போது பழைய கலன் எது வந்தாலும் மாஸ்த்ரோ முதலில் கம்பித் தூரிகையை எடுத்து அவனைக் கூப்பிடுகிறாராம்.

தகடு வாசிக்கப் பழக விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் அவனைப் பிடித்துக் கேளுங்கள். கூச்சப்படுவான். ஆனால் சொல்லித் தருவான்.